அப்பா இறந்த பதினாறு நாளுக்குள் மகள் ஓடப் போகலாமா?

கேள்வி கேட்டவர் அயனாவரத்தில் இருக்கிறார். அக்கா மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு, 400 மீட்டர் ஓடுகிறாள். விடியற்காலையில் அவளை ஸ்கூட்டரில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய், ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டத்தின் டைமிங்கையும் ஒரு நோட்டில் எழுதி, திரும்ப அழைத்துவருவது அவள் அப்பாதான். அவருக்கு 46 வயது. ஒரு நாள் காலை மகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே விழுந்து இறந்துவிட்டார், மாரடைப்பு என்றார்கள். ஒன்பதாம் நாள் அந்தப் பெண் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்ப, அப்பாவைப் பெற்ற பாட்டி சத்தம் போட்டுத் தடுத்திருக்கிறார். பெண் இதுவரை யார் முன்னாலும் அழவில்லை. ஆறு வாரத்தில் மாநிலப் போட்டி இருக்கிறது, அனுப்புங்கள் என்கிறார் பயிற்சியாளர். அப்பாவுக்காக ஒரு மெடல் வாங்கிவிடு என்று ஊக்கம் கொடுக்கிறார்கள் உறவினர்கள். தாய்மாமனாகிய நான் என்ன செய்வது என்பது கேள்வி.

ஐயா, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, பிறகு உளவியல் படித்து, இப்போது இளம் வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாக வைத்திருப்பவன் நான். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளாகக் கேட்டால் மைதானத்துக்கு அனுப்புங்கள். போட்டிக்கு அனுப்புவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். உங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி தடுப்பது மைதானத்தை. பயிற்சியாளர் கேட்பது போட்டியை. உறவினர்கள் கேட்பது மெடலை. பெண் கேட்டது ஷூவை மட்டும்தான்.

இழவு வீட்டில் அழாத பிள்ளையைப் பார்த்தால் நம் மக்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. 'வாய்விட்டு அழுதுவிடு' என்று தோளைப் பிடித்து உலுக்குவார்கள். வேண்டாம். பதின்வயதில் துக்கம் தொடர்ந்து இருப்பதில்லை, விட்டுவிட்டு வரும். மாலையில் தோழியோடு போனில் சிரித்துப் பேசுவாள். இரவு சார்ஜரைக் காணவில்லை என்று கதவை அறைந்து சாத்துவாள். அந்தக் கோபம் சார்ஜருக்காக வந்ததல்ல என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் போதும். அதோடு, அவள் அம்மாவின் முன்னால் அழாமல் இருக்கிறாள் என்றால், அம்மா இன்னும் உடைந்துபோவாரே என்று அடக்கிக்கொண்டிருக்கவும் கூடும். இந்த வயதுப் பிள்ளைகள் அதை வெகு சாமர்த்தியமாகச் செய்வார்கள்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. 1969-இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் சொன்னது அது. ஆனால் தன் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான் அவர் அந்தக் கட்டங்களை வகுத்தார். உறவினரை இழந்தவர்கள் அந்த வரிசைப்படிதான் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'இவள் இன்னும் முதல் கட்டத்திலேயே இருக்கிறாள்' என்று கணக்குப் பார்க்கவேண்டாம். உங்கள் பெண்ணுக்கு அதிகம் பொருந்துவது, 1999-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷூட் இருவரும் முன்வைத்த விளக்கம். இழப்பை நினைத்துக் கரைவதும், அதிலிருந்து விலகி அன்றாட வேலைகளில் இறங்குவதும் மாறிமாறி நடக்கும். அப்படி மாறிமாறி நடப்பதே ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. இதை அவளுக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்றால் அவள் பயிற்சியை வைத்தே சொல்லுங்கள். ஒரு வேகச் சுற்று, பிறகு நடந்தபடி ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஓய்வே இல்லாமல் ஓடச் சொன்னால் யாராலும் முடியாது. ஓய்வு எடுத்தால் ஓடவில்லை என்றும் ஆகாது. ஷூவை எடுத்தாள் என்றால் அப்பாவை மறந்துவிட்டாள் என்று பொருளில்லை.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்த ஒரு வரிக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் உறுத்தியது அதுதான். 'மகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே விழுந்தார்.'

அந்தப் பெண்ணின் மனத்தில் அன்றிலிருந்து என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பஸ்ஸில் போயிருந்தால் அப்பா தூங்கியிருப்பார். நேற்று இரவு நெஞ்சு எரிகிறது என்றாரே, நான் ஏன் கவனிக்கவில்லை. நான் ஓடவே ஆரம்பிக்காமல் இருந்திருந்தால். தினமும் நாலரை மணிக்கு எழுந்ததால்தான் அவர் உடம்பு கெட்டது. பெரியவர்கள் இதை அபத்தம் என்று தள்ளிவிடுவோம். பதினாறு வயது மனம் காரணம் தேடும். கிடைக்காதபோது தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். 'எதற்கு நடந்தது என்றே தெரியவில்லை' என்று இருப்பதைவிட 'என்னால் நடந்தது' என்று நினைப்பது அதற்குச் சுலபம். துக்கம் கேட்க வந்த யாராவது ஒருவர், 'பாவம், மகளுக்காக ராத்திரி பகலாக அலைந்தார்' என்று நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. அவள் காதில் அது தீர்ப்பாக விழுந்திருக்கும்.

இதை அவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை, அவளாகச் சொல்லப்போவதும் இல்லை. நீங்கள்தான் எடுத்துக்கொடுக்கவேண்டும். உட்காரவைத்து விசாரணை மாதிரி வேண்டாம். எங்காவது நடந்துபோகும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசுவது பிள்ளைகளுக்கு வசதி. 'உன்னைக் கொண்டுபோய் விட்டதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று உனக்குத் தோன்றுகிறதா? அப்படித் தோன்றுவது சகஜம்தான், ஆனால் அது உண்மையில்லை' என்று நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது என்பதையும் சொல்லுங்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிமம் பல வருடங்களாக மெல்ல மெல்லச் சேர்கிறது. ஒரு நாள் அந்தப் படிமம் வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. வருடக்கணக்கில் நடந்த ஒரு காரியத்தை அரை மணி நேர ஸ்கூட்டர் பயணத்தின் தலையில் கட்ட முடியாது. நீங்கள் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறார் மாமா என்று நினைப்பாள். ஒரு டாக்டர் வாயால் கேட்டால் எடுபடும்.

டாக்டரிடம் எப்படியும் போகவேண்டும். அதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. வீட்டில் பதற்றப்படாமல் கேட்கவேண்டிய விஷயம் இது. 50 வயதுக்குள் நெருங்கிய ரத்த உறவில் ஒருவர் இதயக் கோளாறால் இறந்திருக்கிறாரா என்பது, விளையாட்டு வீரர்களைப் பரிசோதிக்கும்போது டாக்டர்கள் கேட்கும் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. உங்கள் வீட்டில் பதில் 'ஆம்'. மாரடைப்பு என்று உங்களுக்குச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. திடீர் மரணங்கள் எல்லாவற்றையும் நம் ஊரில் 'அட்டாக்' என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுவது வழக்கம். இதயத் தசை தடித்துப்போவது போன்ற சில கோளாறுகள் பரம்பரையாக வரக்கூடியவை. 400 மீட்டரோ இதயத்தை உச்ச அளவுக்குத் துரத்துகிற ஓட்டம். ஆகவே கடும் பயிற்சி தொடங்குவதற்கு முன் ஓர் இதய மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி.யும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இல்லை என்று காகிதத்தில் வந்துவிட்டால் அம்மாவுக்கும் நிம்மதி. இனி மகள் ஓடும் ஒவ்வொரு காலையும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அதே அறையில், பெண் இருக்கும்போதே, அப்பாவுக்கு ஏன் வந்திருக்கும் என்பதையும் டாக்டரை விளக்கச் சொல்லுங்கள்.

பாட்டி விஷயம். அவரோடு வாதம் செய்யாதீர்கள். மருமகள் வீட்டுத் தாய்மாமன் வந்து, இறந்த மகனின் பதினாறாம் நாள் காரியத்துக்குள் பேத்தியை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அவர் தீட்டு என்று சொல்வது தீட்டை மட்டும் அல்ல. 46 வயது மகனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்; வீடு அதற்குள் பழையபடி ஆகிவிட்டதே என்பதுதான் அவர் கூச்சலின் உள்ளே இருப்பது. காரியம் முடிய இன்னும் சில நாட்கள்தான். அதுவரை மொட்டைமாடியில் நடக்கட்டும், கை கால் நீட்டி மடக்கும் பயிற்சிகள் செய்யட்டும். அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். அதன் பிறகு ஸ்டேடியத்துக்குப் போவதைப் பற்றி, அவள் பெரியப்பாவோ சித்தப்பாவோ, பாட்டியின் ரத்தமாக இருக்கும் ஒருவர் பேசட்டும். 'அவன் கூட்டிப்போன இடம் அம்மா' என்று அவர் மகன் ஒருவன் சொன்னால் அந்த மனம் இளகும். சில குடும்பங்கள் பதினாறு நாள் பார்க்கும், இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் நாற்பதாம் நாள் ஓதுவது உண்டு, கிறிஸ்தவர்களுக்கு வேறு கணக்கு. எதிலும் நான் தலையிடுவதில்லை. பதினாறு நாள் ஓடாமல் இருந்தால் ஓட்டம் போய்விடாது. மூச்சுத் திறன் இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் குறிப்பிடும்படி இறங்கத் தொடங்கும்; தசை வலிமை அதற்கும் மேல் தாங்கும். பயிற்சியாளருக்கு இது நன்றாகவே தெரியும்.

துக்க வீட்டுச் சாப்பாடு ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். காரியம் முடியும்வரை முட்டை, கறி, மீன் கிடையாது. வருவதோ சோறும் ரசமும் காபியும். வளரும் வயதில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது போதாது, அதிலும் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவாள். கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, தயிர், பால், பருப்பு என்று ஏதாவது கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். 'சாப்பிடு சாப்பிடு' என்று பின்னால் போகாமல், யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். இன்னொன்று: கவலையும் குறைச்சலான சாப்பாடும் சேர்ந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும். ஓடும் பெண்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். இதை நீங்கள் கேட்க முடியாது. உங்கள் மனைவியிடம் சொல்லி வையுங்கள், அக்காவுக்கு இப்போது இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

முதல் நாள் மைதானத்துக்குப் போவதைக் கொஞ்சம் திட்டமிட்டுச் செய்யுங்கள். அவளுக்குக் கடினமானது ஓட்டம் அல்ல. கேட்டில் இறங்குவதும், ஓடி முடித்துவிட்டு அப்பா உட்காரும் இடத்தைப் பார்ப்பதும்தான் கடினம். முதல் நாள் நீங்களே கூட்டிப்போங்கள். ஆனால் அவர் உட்கார்ந்த இடத்தில் போய் உட்காராதீர்கள். எங்கே நிற்கட்டும் என்று அவளையே கேளுங்கள். 'வெளியிலேயே இருங்கள் மாமா' என்றால் வெளியிலேயே டீ குடித்துக்கொண்டு இருங்கள். கூட ஓடும் பிள்ளைகளிடம் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும்: வரிசையாக வந்து துக்கம் விசாரிக்கவேண்டாம், பார்க்காத மாதிரி ஒதுங்கவும் வேண்டாம், 'வந்துட்டியா, வா' என்றால் போதும். பிள்ளைகளுக்கு என்ன பேசுவதென்று தெரியாது, அதனால்தான் ஒதுங்குவார்கள். இவளோ தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வாள்.

அன்றைக்கு வேலை குறைவாக இருக்கட்டும். மெதுவான ஓட்டம், வழக்கமான வார்ம்-அப், கொஞ்சம் டிரில்ஸ், நாலைந்து முறை நூறு மீட்டர் தளர்வாக. ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூ வேண்டாம், கடிகாரம் வேண்டாம். நடுவில் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டால் அது தோல்வி அல்ல என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்த நிமிடம் வேண்டுமானாலும் 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, காரணம் கேட்கப்படாது. இந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அதிக நேரம் உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டைமிங் நோட்டை யாரும் தொடவேண்டாம். பயிற்சியாளரோ தம்பியோ ஆர்வக்கோளாறில் அதே பக்கத்தில் புதிய டைமிங்கை எழுதிவிடக்கூடாது. அலமாரியில் பூட்டிவைத்து அவளிடமிருந்து காப்பாற்றவும் வேண்டாம். அது அவளுடைய சொத்து. மேற்கொண்டு எழுதுவாளோ, புது நோட்டு போடுவாளோ, ஒரு வருடம் திறக்கவே மாட்டாளோ, அது அவள் பாடு. இறந்தவரை மறந்தால்தான் மீளமுடியும் என்று ஒரு காலத்தில் உளவியலில் நினைத்ததுண்டு. 1990-களிலிருந்து அந்த எண்ணம் மாறிவிட்டது. உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பு என்கிறார்கள். ஆண்டுதோறும் திதி கொடுக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சியாளரிடம் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது காயத்தைப் பற்றி. வாழ்க்கையில் பெரிய அடி விழுந்த வீரர்களுக்கு அதிகம் காயம்படுகிறது என்பதை மார்க் ஆண்டர்சன், ஜீன் வில்லியம்ஸ் என்ற இருவர் 1988-இலேயே ஒரு கோட்பாடாக வகுத்தார்கள். மன அழுத்தத்தில் தசைகள் இறுகியே இருக்கும், கவனம் சிதறும், ஓரப்பார்வை சுருங்கும். தொடைப் பின்தசை பிடித்துக்கொள்வதற்கு இதைவிட வசதியான நிலைமை வேண்டாம். அதோடு தூக்கம் கெட்டிருக்கும். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்கவேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்வயது வீரர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அவள் அம்மாவுடன் விடிய விடிய விழித்திருந்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஓடப்போனால், அது பயிற்சி அல்ல. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்று கடும் பயிற்சி கிடையாது. இரவு தூங்கவே இல்லை என்றால் காலையில் மைதானமே கிடையாது, மாலையில் போகட்டும்.

இப்போது மெடல்.

உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் இந்நேரம் கோலி கதை வந்திருக்கும். 2006 டிசம்பரில் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிரான ரஞ்சிப் போட்டி நடுவில் அப்பா இறந்துபோக, மறுநாள் காலை வந்து ஆடி 90 ரன் எடுத்துவிட்டுத் தகனத்துக்குப் போன 18 வயதுப் பையன். அடுத்தது டெண்டுல்கர்: 1999 உலகக் கோப்பையின்போது அப்பா மறைய, ஊருக்கு வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி, கென்யாவுக்கு எதிராக பிரிஸ்டலில் ஆட்டமிழக்காமல் 140. இரண்டும் உண்மை, இரண்டும் மனத்தைத் தொடுபவை. ஆனால் கோலியின் முடிவு அவராக எடுத்தது. உறவினர் கூட்டம் சுற்றி உட்கார்ந்து 'நீ ஆடினால்தான் அப்பா ஆத்மா சாந்தியடையும்' என்று சொல்லி அனுப்பவில்லை. டெண்டுல்கருக்கு அப்போது 26 வயது, பத்து வருட அனுபவம். இதையெல்லாம்விட முக்கியம், அவர்கள் ரன் எடுத்ததால்தான் கதை நம்மிடம் வந்து சேர்ந்தது. அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து பூஜ்யத்தில் அவுட் ஆனவர்களைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

அனுப்பவேண்டும் என்றால் டான் ஜான்சன் கதையை அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கர், பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கி ஓடும் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் போட்டி நடந்த அன்று காலை அவர் அக்கா ஜேன் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அன்று மாலை அக்காவுக்காக ஜெயிக்கவேண்டும் என்று களத்தில் இறங்கியவர், முதல் வளைவிலேயே விழுந்தார். நாலு நாள் கழித்து 1000 மீட்டரிலும் விழுந்தார். ஆறு வருடம் கழித்து 1994-இல் நார்வேயில் நடந்த லில்லஹாமர் ஒலிம்பிக்கில் 1000 மீட்டரில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். உலகத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவருக்கே அந்தச் சுமையோடு இரண்டு முறை கால் நிற்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணிடம் ஆறு வாரத்தில் எதிர்பார்க்கிறோம்.

'அப்பாவுக்காக வாங்கு' என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதற்குள் ஒரு கடன் பத்திரம் ஒளிந்திருக்கிறது. ஜெயித்தால் சரி. நான்காவதாக வந்தால்? அப்பாவைக் கைவிட்டவள் ஆகிவிடுவாள், அவள் கணக்கில். ஏற்கெனவே 'என்னால்தான் போனார்' என்ற எண்ணம் உள்ளே இருந்தால், இது அதன்மேல் ஏறி உட்காரும். ஆகையால் உறவினர்களின் வாயை அடைப்பது உங்கள் வேலை. தாய்மாமனுக்கு நம் வீடுகளில் சீர் செய்வதைத் தவிர வேறு அதிகாரமும் உண்டு, இதற்குப் பயன்படுத்துங்கள். அவளாகவே அப்பாவை நினைத்து ஓடுகிறேன் என்றால் ஓடட்டும், அதைத் தடுக்கவும் முடியாது. நாம் அதைச் சொல்லி ஏற்றிவிடாமல் இருந்தால் போதும்.

மாநிலப் போட்டிக்கு இப்படிச் செய்யுங்கள். பெயரைக் கொடுத்துவிடுங்கள்; கொடுப்பதால் நஷ்டம் இல்லை, கொடுக்காவிட்டால் பின்னால் மனம் மாறினாலும் வழி இல்லை. பெயர் கொடுத்ததும், ஓடுவதும் ஓடாததும் போட்டியன்று காலைகூட அவள் இஷ்டம் என்று பயிற்சியாளர் தன் வாயால் அவளிடம் சொல்லவேண்டும். பல பயிற்சியாளர்களுக்கு இது வராது. கெட்டவர்கள் அல்ல, நல்ல ஓட்டக்காரி ஒருத்தியைப் பல வருடம் உழைத்து உருவாக்கியிருப்பார்கள், அவர்களுக்கும் அந்தத் தந்தை தினமும் பார்த்த மனிதர்தான். ஆனாலும் சொல்லவையுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா, கல்லூரி இடம், சான்றிதழ் என்ற பேச்சு வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். அதே மூச்சில் யாராவது விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடலாமே, மனம் மாறும் என்பார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் நல்ல வாய்ப்புதான், வேறொரு வருடத்தில். அப்பா போன வருடத்திலேயே வீட்டையும் அம்மாவையும் பிரிப்பது சரியல்ல.

பதினாறாம் நாளோடு கூட்டம் கலைந்துவிடும். உண்மையான கஷ்டம் பதினேழாம் நாள் தொடங்கும். பெண் பிள்ளை ஓட்டத்தை விடுவது பெரும்பாலும் துக்கத்தால் அல்ல; காலையில் கூட்டிப்போக ஆள் இல்லை, அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார், தம்பிக்கு டிபன் கட்டவேண்டும், ஸ்பைக்ஸ் வாங்கப் பணம் இல்லை, இப்படித்தான் விடுகிறார்கள். யாரும் 'நிறுத்து' என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எனவே வாரத்தில் எந்தெந்த நாள் யார் கூட்டிப்போவது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். நீங்கள் மூன்று நாள், கூட ஓடும் இன்னொரு பெண்ணின் பெற்றோர் இரண்டு நாள் என்று ஏற்பாடு செய்யலாம். அதே வழியில் வரும் குடும்பம் புரசைவாக்கம் பக்கம் ஒன்றாவது இருக்கும்.

பண விஷயத்தில், அவர் தனியார் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்தார் என்றால், சேர்ந்த பணம் மட்டும் அல்ல, மனைவிக்கு ஓய்வூதியமும், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் உண்டு. அதோடு காப்பீட்டுத் தொகையும் உண்டு. ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். பலர் பி.எஃப். பணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வருமானம் மிகக் குறைவான குடும்பம் என்றால், மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

எப்போது கவலைப்படவேண்டும்? 'நானும் அப்பாவிடமே போய்விடுகிறேன்' என்பது போன்ற பேச்சு, உடம்பில் கீறிக்கொண்ட தழும்பு, தன் பொருட்களை ஒவ்வொருவருக்காகக் கொடுப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள். 'சாகவேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம்தான். அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கிற காலம் மலையேறவேண்டும், அங்கே வெளிநோயாளிகளாக வந்து பேசிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இவ்வளவு அவசரம் இல்லாமல், ஆனால் பள்ளியும் பயிற்சியும் தோழிகளும் எதிலும் ஒட்டாமல் ஆறு மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் அதற்கும் மருத்துவ உதவி தேவை. 2022-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு, நீடித்த துக்கம் என்று சிறுவர்களுக்குக் குறிப்பிடும் எல்லையும் அந்த ஆறு மாதம்தான்.

எதிர்பாராத ஒரு நாளைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். முதல் திதி, அவர் பிறந்தநாள், பண்டிகை எல்லாம் வருத்தமாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு வீடு தயாராக இருக்கும். அவள் தன் வாழ்நாளிலேயே சிறந்த டைமிங் ஓடும் நாள் வரும் பாருங்கள், அன்றைக்குத்தான் யாரும் தயாராக இருக்கமாட்டார்கள். கோட்டைத் தாண்டியவுடன் பழக்கத்தில் தலை திரும்பும். அங்கே அவர் இருக்கமாட்டார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்து அழுவாள். இத்தனை நாள் வராத அழுகை அன்றைக்கு மொத்தமாக வரலாம். செல்ஃபி எடுக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒன்றும் பேசவேண்டாம்.

முதல் வேலையாக இதய மருத்துவரைப் பாருங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் வந்தவுடன், டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் இப்போது அவள் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்து முதல் மூன்று வாரத்துக்கு என்ன அளவில் பயிற்சி வைக்கலாம் என்று பயிற்சியாளரோடு நானும் பேசுகிறேன்.